மெக்கானிக்கல்ல மேக்ஸ் எங்கே உண்மையா வேலைக்கு வருது? (லேட்டரல் என்ட்ரி, மூணாம் செமஸ்டர்)

மூணாம்செம்_மெக் கேட்டது:

வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு நேரா பி.இ. ரெண்டாம் வருஷத்துல சேர்ந்திருக்கேன். அதனால மொத வருஷத்து மேட்ரிக்ஸ்-கால்குலஸ் பேப்பரும் எனக்குக் கிடையாது, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்-நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பரும் கிடையாது. எடுத்த எடுப்புல டிரான்ஸ்ஃபார்ம்ஸ், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். போர்டுல போடுற சம்மைப் பார்த்து அதே மாதிரி எழுத வருது. எதுக்கு எழுதுறோம்னு மட்டும் தெரியல.

மூணு கேள்வி:

ஃபோரியர் சீரிஸ், ஹீட் ஈக்வேஷன், ஐகன் வேல்யூ இதெல்லாம் மெக்கானிக்கல் வேலையில சரியா எந்த இடத்துல வருது?

ஆன்சிஸ், மேட்லாப்ல போட்டா விடை வந்துடுதே, அப்புறம் கையால போட்டுப் பழகி என்ன ஆகப்போகுது?

விட்டுப்போன மொத வருஷ மேக்ஸ்ல எதை முதல்ல பிடிக்கணும், எதை அப்புறம் பார்த்துக்கலாம்?

மோட்டிவேஷன் வேண்டாம். கணக்கோட சொன்னா போதும்.

---

உலைக்களம்:

இந்த செமஸ்டர்ல படிக்கிறது ஹீட் ஈக்வேஷன்தானே, அதையே எடுத்துக்கலாம். ஹீட் டிரீட்மென்ட் ஷாப்ல தினப்படி நடக்குறது அதுதான்.

100 மி.மீ. தடிமன் உள்ள எஃகுத் தகடு. 800 டிகிரியில உலையை விட்டு வெளிய எடுத்து 30 டிகிரி தண்ணியில இறக்குறாங்க. ஒரு நிமிஷம் கழிச்சு தகட்டோட நடுப்பகுதி எவ்வளவு சூடா இருக்கும்? 'ரெண்டு முனையும் 0 டிகிரியில் வைக்கப்பட்ட கம்பி'ன்னு உங்க புக்ல ஒரு சம் இருக்கும் பாருங்க, இது அதேதான். கம்பி நீளம் இருந்த இடத்துல தகட்டுத் தடிமன். வெப்பநிலைக்குப் பதிலா, தண்ணியை விட எத்தனை டிகிரி அதிகம்ங்கிற வித்தியாசம், அதாவது 770.

விடையா வர்ற சீரிஸ்ல ஒற்றைப்படை உறுப்புகள் மட்டும்தான் நிற்கும். முதல் உறுப்போட கெழு 4/பை, அதாவது 1.273. மூணாவதோட கெழு அதுல மூணுல ஒரு பங்கு. ஒவ்வொண்ணும் தன் தன் வேகத்துல தேயும். முதல் உறுப்போட டைம் கான்ஸ்டன்ட் வேணும்னா, தடிமனோட வர்க்கத்தை (பை வர்க்கம் × டிஃப்யூசிவிட்டி) ஆல வகுக்கணும். மைல்ட் ஸ்டீலுக்கு டிஃப்யூசிவிட்டி (பொருளுக்குள்ள வெப்பம் எவ்வளவு வேகமாப் பரவுதுங்கிற அளவு) ஏறக்குறைய வினாடிக்கு 1.2 × 10⁻⁵ சதுர மீட்டர். 0.01 ÷ (9.87 × 1.2 × 10⁻⁵) = 84 வினாடி. மூணாவது உறுப்புக்கு இதுல ஒன்பதுல ஒரு பங்கு, 9.4 வினாடி.

60 வினாடி ஆனப்புறம் முதல் உறுப்பு 1.273 × 0.49 = 0.62. மூணாவது உறுப்பு 0.001-ஐக்கூடத் தொடல. ஆக நடுப்பகுதி 30 + 770 × 0.62, சுமார் 510 டிகிரி. 'முடிவிலி வரை கூட்டு'ன்னு எழுதுற சீரிஸ்ல, கொஞ்ச நேரம் கழிஞ்சா ஒரே ஒரு உறுப்பு போதும்ங்கிறது இங்கேதான் தெரியும். தடிமன் வர்க்கத்துல வருதுங்கிறதையும் கவனிங்க. தகடு 10 மி.மீ. ஆனா அந்த 84 வினாடி 0.84 வினாடியாச் சுருங்கிடும். தடிச்ச ஃபோர்ஜிங்கோட நடுவுல ஏன் ஹார்ட்னெஸ் ஏறலன்னு கேட்டா பாதி பதில் இந்த ஒரு வர்க்கம்தான்.

இந்த 510 எங்கே தப்பும்னு பாருங்க. 'மேற்பரப்பு உடனே 30 டிகிரிக்கு வந்துடுச்சு'ன்னு எல்லை நிபந்தனை போட்டிருக்கோம். நிஜத்துல தகட்டைச் சுத்தி முதல்ல நீராவிப் படலம் ஒண்ணு உருவாகி வெப்பத்தைத் தடுக்கும். அது உடையுற வரைக்கும் மேற்பரப்பே நூத்துக்கணக்கான டிகிரியில இருக்கும். தண்ணியைக் கலக்கி விடுறது அந்தப் படலத்தை உடைக்கத்தான். அதோட உயர் வெப்பநிலையில டிஃப்யூசிவிட்டியும் குறையும். ரெண்டுமே ஒரே பக்கம்தான் இழுக்குது, அதனால உண்மையான நடுப்பகுதி 510-ஐ விடச் சூடாத்தான் இருக்கும். விடை துல்லியமில்லை, ஆனா எந்தத் திசையில தப்புன்னு தெரிஞ்ச விடை. ஷாப்ல அதுவே பெரிய விஷயம்.

எல்லா இடத்துக்கும் இந்த ஈக்வேஷன் தேவையும் படாது. 10 மி.மீ. தகடு காத்துல ஆறுதுன்னு வைங்க. பயோ நம்பர் (உள்ளே வெப்பம் ஓடுறதுக்கு இருக்குற தடையை, மேற்பரப்புல வெளியேறுறதுக்கு இருக்குற தடையால வகுத்தது) = காத்தோட வெப்பப் பரிமாற்றக் கெழு × பாதித் தடிமன் ÷ எஃகோட வெப்பக் கடத்துதிறன் = 30 × 0.005 ÷ 45 = 0.0033. 0.1-க்கு ரொம்பக் கீழ. அப்ப தகடு முழுக்க ஒரே வெப்பநிலைன்னு எடுத்துக்கிட்டு முதல் படி சாதாரண டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் போட்டா போதும். அடர்த்தி 7850, ஸ்பெசிஃபிக் ஹீட் 490 வெச்சா டைம் கான்ஸ்டன்ட் 640 வினாடி, கிட்டத்தட்ட 11 நிமிஷம் (ரேடியேஷனை இங்க விட்டுட்டேன், சூடு அதிகமா இருந்தா அதை விடக் கூடாது). எந்த ஈக்வேஷன் தேவையில்லைன்னு தெரியுறதும் மேக்ஸ்தான்.

---

தண்டும்_தாங்கியும்:

ஐகன் வேல்யூவுக்கு நான் எழுதுகிறேன். அடுத்த செமஸ்டரில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வரும்போது இது தெரிந்திருந்தால் மோர் வட்டம் (ஸ்ட்ரெஸை வட்டமாக வரைந்து கண்டுபிடிக்கும் முறை) தனிப் பாடமாகவே தெரியாது.

சுழலும் தண்டின் மேற்பரப்பில் ஒரு புள்ளி. வளைவினால் வரும் ஸ்ட்ரெஸ் 80, முறுக்கினால் வரும் ஷியர் 30 (எல்லாம் ச.மி.மீ.க்கு நியூட்டன்). குறுக்குத் திசையில் ஒன்றுமில்லை. மேட்ரிக்ஸின் மேல் வரிசை 80, 30. கீழ் வரிசை 30, 0.

கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன்: லாம்டா வர்க்கம் − 80 லாம்டா − 900 = 0. காரணிப்படுத்தினால் (லாம்டா − 90)(லாம்டா + 10). இந்த 90-ம் −10-ம்தான் பிரின்சிபல் ஸ்ட்ரெஸ்கள், அதாவது ஷியரே இல்லாத திசைகளில் வரும் ஸ்ட்ரெஸ்கள். மேக்ஸிமம் ஷியர் இரண்டின் வித்தியாசத்தில் பாதி, 50. 90-க்கான ஐகன் வெக்டர்: −10 எக்ஸ் + 30 ஒய் = 0, ஆக ஒய்/எக்ஸ் = 1/3, கோணம் 18.4 டிகிரி. மோர் வட்டம் வரைந்தால் மையம் 40, ஆரம் 50, இரட்டைக் கோணம் 36.9 டிகிரி. அதே விடை.

சரிபார்க்கப் பத்து வினாடி போதும். ஐகன் வேல்யூக்களைக் கூட்டினால் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டல் வர வேண்டும் (90 − 10 = 80). பெருக்கினால் டிட்டர்மினன்ட் வர வேண்டும் (−900). பரீட்சையில் இதைச் செய்பவர்கள் அபூர்வம்.

வெறும் முறுக்கு மட்டும் என்றால் மூலைவிட்டம் 0, 0. ஐகன் வேல்யூக்கள் பிளஸ் ஷியர், மைனஸ் ஷியர். வெக்டர்கள் சரியாக 45 டிகிரியில். ஒரு சாக்பீஸை இரு கையாலும் முறுக்கி உடைத்துப் பாருங்கள். நேர்க்குறுக்காக உடையாமல் 45 டிகிரியில் திருகு போலச் சாய்ந்து உடையும். சாக்பீஸ் இழுவிசையில் பலவீனமானது, மிக அதிக இழுவிசை அந்தச் சாய்வுக்குச் செங்குத்தாக இருக்கிறது. மைல்ட் ஸ்டீல் தண்டு ஷியரில் விட்டுக்கொடுக்கும், அதனால் நேர்க்குறுக்காக முறியும். உடைந்த முகத்தைப் பார்த்தே காரணம் சொல்வதற்கு அடிப்படை இந்த 2 × 2 மேட்ரிக்ஸ்தான்.

இதே ஐகன் வேல்யூ வைப்ரேஷன் பாடத்தில் இயல் அதிர்வெண்ணின் வர்க்கமாக வரும், காலம் பக்கிளிங்கில் கிரிட்டிக்கல் லோடாக வரும். பெயர்தான் வேறு.

---

ஷிஃப்ட்_பி:

எல்லாரும் நல்லாத்தான் எழுதுறீங்க. ஆனா நிஜத்தைச் சொல்லுங்கப்பா. கம்பெனிக்குள்ள போனா ஃபோரியரும் கிடையாது, ஐகனும் கிடையாது. எக்செல்ல கூட்டல் கழித்தல், வெர்னியர், ரிப்போர்ட். தம்பி, அரியர் விழாம கிளியர் பண்ணிட்டு டிராயிங் போடுற கேட் (CAD) சாஃப்ட்வேர் கத்துக்கோங்க, போதும்.

---

தண்டும்_தாங்கியும்:

ஷிஃப்ட்_பி, புரொடக்‌ஷனில் ஃபோரியர் வராது என்பது சரி. மேக்ஸே வராது என்பது சரியில்லை. அங்கே வருவது ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.

20 ± 0.05 மி.மீ. என்று டிராயிங்கில் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 0.0125. சிபி (Cp, அனுமதித்த மொத்த அகலத்தை ஆறு டீவியேஷனால் வகுத்தது) = 0.10 ÷ (6 × 0.0125) = 1.33. கஸ்டமர் கேட்பது 1.33 என்று ரிப்போர்ட் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் டூல் தேய்ந்து சராசரி 20.02-க்கு நகர்ந்திருந்தால் சிபிகே (Cpk, சராசரியிலிருந்து பக்கத்து எல்லைக்குள்ள தூரத்தை மூன்று டீவியேஷனால் வகுத்தது) = 0.03 ÷ 0.0375 = 0.8. இசட் (எல்லை சராசரியிலிருந்து எத்தனை டீவியேஷன் தள்ளி இருக்கிறது என்பது) 2.4, நார்மல் டேபிளில் அதற்கு மேல் இருப்பது 0.82 சதவீதம். ஆயிரத்துக்கு எட்டுப் பீஸ் ரிஜெக்ட். சிபி அப்படியே 1.33-ல்தான் நிற்கும், அசையாது. ஆஃப்செட்டில் 0.02 திருத்த வேண்டியது டூல் செட்டரின் வேலை, பரவலைக் குறைக்க வேண்டியது மெஷினின் வேலை. எதைத் தொடுவது என்று சொல்வது இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம். எக்செல் இரண்டையும் கணக்கிட்டுத் தரும். எதைப் பார்ப்பது என்று அது சொல்லாது.

---

அதிர்வு_100ஹெர்ட்ஸ்:

ஃபோரியர் வராதுன்னு சொன்னதால இதைச் சொல்லியே ஆகணும். மெயின்டெனன்ஸ்ல வைப்ரேஷன் அனலைசரை பேரிங் மேல ஒட்டினா திரையில வர்றது ஃபோரியர் டிரான்ஸ்ஃபார்ம்தான்.

ரெண்டு போல் இண்டக்‌ஷன் மோட்டார், லோடுல 2970 ஆர்.பி.எம். அறுபதால வகுத்தா 49.5 ஹெர்ட்ஸ். கப்ளிங் அலைன்மென்ட் சரியில்லைன்னா அதோட ரெண்டு மடங்குல, 99 ஹெர்ட்ஸ்ல சிகரம் எழும்பும். ஸ்டேட்டர் பக்கக் கோளாறு, ஏர் கேப் சீரில்லைன்னா சப்ளையோட ரெண்டு மடங்குல, 100 ஹெர்ட்ஸ்ல எழும்பும். முதல் கேஸ்ல கப்ளிங்கைக் கழட்டி ஷிம் போடணும். ரெண்டாவது கேஸ்ல மோட்டாரையே வைண்டிங் ஷாப்புக்கு அனுப்ப வேண்டி வரலாம். ரெண்டுக்கும் நடுவுல இருக்குறது 1 ஹெர்ட்ஸ்.

பிரிச்சுப் பார்க்குற திறன் = 1 ÷ பதிவு செய்த நேரம். ஒரு வினாடி பதிவு பண்ணினா திறன் 1 ஹெர்ட்ஸ், ரெண்டு சிகரமும் பக்கத்துப் பக்கத்துக் கோட்டுல விழும். அதுக்கு மேல ஹேனிங் விண்டோ (பதிவோட ரெண்டு முனையையும் மெல்லப் பூஜ்யத்துக்கு இறக்குறது) போட்டா ஒவ்வொரு சிகரமும் கோடு ஒன்றரை அகலத்துக்குப் பரவும், ஒரே மேடாத் தெரியும். 8 வினாடி பதிவு பண்ணினா திறன் 0.125 ஹெர்ட்ஸ். நடுவுல எட்டுக் கோடு இடைவெளி, தெளிவா ரெண்டு சிகரம். சாம்ப்ளிங் வேகத்தை ஏத்தினா பிரிஞ்சிடும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. அது பார்க்கக்கூடிய உச்ச அதிர்வெண்ணைத்தான் கூட்டும், பிரிக்கிற திறனைத் தொடாது. நேரத்தை நீட்டணும், வேற வழி கிடையாது.

களத்துல இன்னொரு சோதனையும் உண்டு. அனலைசர் ஓடிக்கிட்டிருக்கும்போதே சப்ளையை ஆஃப் பண்ணுங்க. மின்சாரக் கோளாறா இருந்தா அந்தச் சிகரம் டக்குன்னு செத்துடும். மெக்கானிக்கலா இருந்தா வேகம் குறையக் குறைய இடது பக்கம் நகர்ந்துக்கிட்டே மெல்ல அடங்கும்.

அடுத்தது ஏலியாசிங், அதாவது சாம்ப்ளிங் வேகம் பத்தாததால உயர் அதிர்வெண் தாழ்ந்த அதிர்வெண்ணா வேஷம் போடுறது. வினாடிக்கு 1000 சாம்ப்பிள் எடுக்குற கருவிக்கு 900 ஹெர்ட்ஸ் கியர் சத்தம் போனா, அது 100 ஹெர்ட்ஸ்னு பதிவாகும். மேல சொன்ன ஸ்டேட்டர் கோளாறு மாதிரியே தெரியும், நல்ல மோட்டாரைக் கழட்டிடுவாங்க! பதிவானப்புறம் எந்த சாஃப்ட்வேரும் இதைச் சரிபண்ண முடியாது, ஏன்னா அந்தச் சாம்ப்பிள் எண்கள் ரெண்டுக்கும் ஒண்ணேதான். சிக்னலை எண்ணாக மாத்துறதுக்கு முன்னாடியே அனலாக் ஃபில்டர் இருக்கணும். நல்ல அனலைசர்ல இது உள்ளேயே இருக்கும். விலை மலிவான டேட்டா லாகர் கார்டுல பல நேரம் இருக்காது, வாங்கும்போது கேட்டுக்கணும்.

---

கான்கிரீட்_கனசதுரம்:

நான் சிவில். ஆனாலும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எம்25 (ச.மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட்) மிக்ஸ் டிசைனில் சைட்டில் குறி வைப்பது 25 அல்ல, 31.6. இந்தியத் தர நிர்ணயப்படி 25 + 1.65 × 4. அந்த 4 ஸ்டாண்டர்ட் டீவியேஷன். 1.65 எங்கிருந்து வந்தது? நார்மல் டிஸ்ட்ரிபியூஷனில் கீழே 5 சதவீதம் மட்டும் விழும் இடம். அதாவது இருபது கியூபில் ஒன்று 25-க்குக் கீழே போகலாம் என்று கோடே ஒத்துக்கொள்கிறது. இது தெரியாதவர்கள் சராசரி 26 வந்ததும் பாஸ் என்று நினைப்பார்கள். அந்த டீவியேஷனுக்கு சராசரி 26 என்றால் இசட் 0.25, நூற்றுக்கு நாற்பது கியூப் கீழே இருக்கும்.

---

மெஷ்_மாஸ்டர்:

ரெண்டாவது கேள்வி, 'ஆன்சிஸ் போட்டா விடை வந்துடுதே'. வந்துடும். தப்பான கேள்விக்கும் அதே அழகான கலர் படத்தோட வந்துடும், அதுதான் பிரச்சினை.

யூனிட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். மி.மீ., நியூட்டன்ல மாடல் போட்டா அடர்த்தியை டன்/கன மி.மீ.ல கொடுக்கணும். எஃகுக்கு 7.85 × 10⁻⁹. கிலோகிராம் நினைப்புல 7.85 × 10⁻⁶ போட்டீங்கன்னா நிறை ஆயிரம் மடங்கு. சுய எடையைச் சேர்க்காத ஸ்டாட்டிக் ஸ்ட்ரெஸ் விடையில ஒண்ணும் தெரியாது, ஏன்னா அங்க அடர்த்தியே வரல. மோடல் அனாலிசிஸ் (இயல் அதிர்வெண் கண்டுபிடிக்கிறது) போட்டா 316 ஹெர்ட்ஸ் வர வேண்டியது 10 ஹெர்ட்ஸ்னு வரும், ஆயிரத்தோட வர்க்கமூலம் 31.6 மடங்கு குறைச்சல். அதிர்வெண் வர்க்கமூலம் (ஸ்டிஃப்னஸ்/நிறை) விகிதத்துல மாறும்னு மனசுல இருக்குறவங்க 31.6-ங்கிற எண்ணைப் பார்த்ததும் எங்க தப்புன்னு பிடிச்சிடுவாங்க.

அடுத்தது கூர்மையான உள்மூலை. ஃபில்லட் (மூலையை வளைவா மழுக்குறது) போடாம ஒரு ஸ்டெப் வரைஞ்சு மெஷ்ஷைச் சின்னதாக்கிக்கிட்டே போங்க. ஸ்ட்ரெஸ் 180, 240, 330னு ஏறிக்கிட்டே இருக்கும், எங்கேயும் நிற்காது. சாஃப்ட்வேர் கோளாறில்லை. எலாஸ்டிசிட்டி ஈக்வேஷன்படியே அந்த மூலையில ஸ்ட்ரெஸ் முடிவிலி. 'இன்னும் ஃபைன் மெஷ் போட்டா சரியான விடை வரும்'னு நம்புறவங்களுக்கு இங்க முடிவே கிடையாது. ஃபில்லட் ரேடியஸை வரையணும், இல்லைன்னா அந்தப் புள்ளியை விட்டுத் தள்ளி இருக்குற ஸ்ட்ரெஸைத்தான் எடுக்கணும்.

மேட்லாப்ல டைம் ஸ்டெப் எடுக்குறவங்களுக்கு இது. டைம் கான்ஸ்டன்ட் 1 மில்லிசெகண்ட் உள்ள ஒரு சிஸ்டம், 1-ல இருந்து 0-க்குத் தேயணும். சாதாரண ஆய்லர் முறையில 3 மில்லிசெகண்ட் ஸ்டெப் வெச்சா ஒவ்வொரு ஸ்டெப்புலயும் பழைய விடையை (1 − 3) ஆல பெருக்குறீங்க: 1, −2, 4, −8, 16. தேய வேண்டியது வெடிக்குது. ஸ்டெப் 2 மில்லிசெகண்டுக்குக் கீழ இருந்தாத்தான் அடங்கும். இம்ப்ளிசிட் ஆய்லர்ல பெருக்குற எண் 1/(1 + 3) = 0.25, எந்த ஸ்டெப்புக்கும் வெடிக்காது, துல்லியம்தான் கொஞ்சம் குறையும். சால்வர் மெனுவுல 'ஸ்டிஃப்'னு தனியா இருக்குறது இதுக்குத்தான்.

பெரிய இடத்துலயும் நடந்திருக்கு. 1991 ஆகஸ்ட் 23, நார்வேயில ஸ்டாவாங்கர் பக்கத்து ஃபியோர்டுல ஸ்லைப்னர் ஏ எண்ணெய்த் தளத்தோட கான்கிரீட் அடித்தளம் மூழ்கிப்போச்சு. அடித்தளத்தோட உள்ளீடற்ற கான்கிரீட் அறைகள் (செல்கள்) சந்திக்கிற இடத்துல ஃபைனைட் எலிமெண்ட் மாடல் ஷியர் ஸ்ட்ரெஸை 47 சதவீதம் குறைச்சுக் காட்டியிருந்தது. அதை நம்பிச் சுவரையும் கம்பியையும் போட்டாங்க. அதே வருஷம் பிப்ரவரி 25, சவுதியில தஹ்ரான் பக்கத்துல பேட்ரியாட் ஏவுகணை எதிரி ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்க வீரர்கள் இறந்தாங்க. கடிகாரம் 0.1 வினாடி கணக்குல எண்ணிச்சு. 0.1-ஐ பைனரியில முழுசா எழுத முடியாது, 24 பிட்டுல வெட்டினப்ப ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஏறக்குறைய 0.000000095 வினாடி போச்சு. 100 மணி நேரம் நிறுத்தாம ஓடினதுல 36 லட்சம் எண்ணிக்கை, மொத்தம் 0.34 வினாடி. ஏவுகணை வேகத்துக்கு அது அரை கிலோமீட்டருக்கு மேல. நியூமெரிக்கல் மெத்தட்ஸ்ல 'டிரங்கேஷன் எரர், ரவுண்டிங் எரர்' ரெண்டு மார்க் கேள்வியாப் படிக்கிறோமே, அதேதான்.

ஆன்சிஸ்ல எந்த ரன் முடிஞ்சாலும் படத்தைப் பார்க்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ரியாக்‌ஷன் ஃபோர்ஸைக் கூட்டினா கொடுத்த லோடு வருதா? பீம் ஃபார்முலாவில கையால போட்ட டிஃப்ளெக்‌ஷனுக்குப் பக்கத்துல இருக்கா? உதாரணத்துக்கு 6 மீட்டர் சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம், மி.மீ.க்கு 10 நியூட்டன், ஐ (குறுக்குவெட்டோட மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா) = 8 × 10⁷, இ (யங்ஸ் மாடுலஸ்) = 2 × 10⁵. 5 × 10 × 6000⁴ ÷ (384 × 2 × 10⁵ × 8 × 10⁷) = 10.5 மி.மீ. சாஃப்ட்வேர் 10.8 சொன்னா ஷியர் டிஃப்ளெக்‌ஷனும் சேர்ந்திருக்கும், சரி. 2.1 சொன்னா முனை ரெண்டையும் ஃபிக்ஸ் பண்ணிட்டீங்க, ஏன்னா ஃபிக்ஸட் பீமுக்குச் சரியா அஞ்சுல ஒரு பங்கு.

---

மூணாம்செம்_மெக்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். சாக்பீஸ் உடைச்சுப் பார்த்தேன், அப்படியேதான் வருது. மூணாவது கேள்விக்கு யாராவது வரிசை சொல்லுங்க. டிப்ளமோல டிஃபரன்ஷியேஷன், இன்டக்ரேஷன் படிச்சிருக்கேன், ஆனா வேகம் இல்ல. இன்னொண்ணு, முனைகள் 0 டிகிரியில இல்லாம 20, 80னு கொடுத்தா என்ன பண்றதுன்னே புரியல.

---

உலைக்களம்:

வரிசை என் கணக்குல இப்படி.

முதல்ல ஒரே ஒரு வகை இன்டக்ரேஷன்: எக்ஸ் அல்லது எக்ஸ் வர்க்கம் × சைன் அல்லது காஸ். பெர்னூலி ஃபார்முலாவுல போடுங்க. ஃபோரியர் சீரிஸ்ல பாதி சம் இது ஒண்ணுதான். இதுல வேகம் வந்துட்டா மீதி எழுத்து வேலை. போடுறதுக்கு முன்னாடி ஃபங்ஷன் ஈவனா ஆடான்னு பாருங்க. ஆடுன்னா காஸ் உறுப்பு எல்லாம் பூஜ்யம், பாதி வேலை மிச்சம். காஸ் என் பை = (−1)ⁿ, சைன் என் பை = 0 ரெண்டும் விரல் நுனியில இருக்கணும்.

அப்புறம் ரெண்டாம் படி டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், கெழுக்கள் மாறாதது. சும்மா ஃபார்முலாவாப் படிக்காதீங்க, ஸ்பிரிங்-டேம்ப்பரா வெச்சுப் படிங்க. 2 கிலோ நிறை, 800 நியூட்டன்/மீட்டர் ஸ்பிரிங், டேம்ப்பிங் 16. மூலங்கள் −4 ± 19.6 ஐ. அந்த −4 எவ்வளவு சீக்கிரம் அடங்கும்னு சொல்லுது (4 ÷ 4, ஒரு வினாடி). 19.6 ஆட்டத்தோட வேகம். டேம்ப்பிங்கை 80 ஆக்கினா ஆட்டமே இல்லாம வந்து நிற்கும், கிரிட்டிக்கல். வைப்ரேஷன், கன்ட்ரோல்ஸ், ஆர்.எல்.சி. சர்க்யூட் மூணுக்கும் இந்த ஒரு கணக்குதான்.

மூணாவதா 2 × 2, 3 × 3 மேட்ரிக்ஸ், ஐகன் வேல்யூ. அதுக்கப்புறம் நியூட்டன்-ராப்சன், சிம்ப்சன், ரங்கே-குட்டா மூணையும் ஒரு தடவை கையால, ஒரு தடவை எக்செல்ல. நார்மல் டேபிள் பார்க்கக் கத்துக்க ஒரு சாயங்காலம் போதும். மல்டிபிள் இன்டக்ரல், இசட் டிரான்ஸ்ஃபார்ம் ரெண்டையும் மெக்குக்கு இப்போதைக்குப் பரீட்சை அளவுக்கு வெச்சுக்கலாம். கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதுறதா இருந்தா இன்ஜினியரிங் மேக்ஸுக்குன்னே 100-ல 13 மார்க் தனியா இருக்கு, அப்ப எதையும் விட முடியாது.

கால்குலேட்டர்: கேசியோ 991-ல மெக்கானிக்ஸ் பேப்பருக்கு டிகிரி மோடுல வெச்சுட்டு, அதே மோடுல வைப்ரேஷன் சம் போட்டா காஸ் (20 × 0.1) = 0.999 வரும். ரேடியன்ல −0.416. குறியே மாறுது. சம்முக்கு முன்னாடி திரையில 'டி'யா 'ஆர்'ஆன்னு பாருங்க.

இப்ப 20, 80 சம். நீளம் எல்லுன்னு வெச்சுக்குங்க. முனை பூஜ்யமா இல்லாதப்ப சைன் சீரிஸை நேரா போட முடியாது, ஏன்னா சைன் ரெண்டு முனையிலயும் பூஜ்யம், அதால 20-ஐயும் 80-ஐயும் தொட முடியாது. அதனால விடையை ரெண்டாப் பிரிங்க. ரொம்ப நேரம் கழிச்சு நிலைச்சு நிற்குற பகுதி ஒரு நேர்க்கோடு: 20 + 60 எக்ஸ்/எல். மொத்த விடையில இருந்து அதைக் கழிச்சா மீதிக்கு ரெண்டு முனையும் பூஜ்யம், பழைய சம். ஆனா ஆரம்ப நிபந்தனையிலயும் அதே நேர்க்கோட்டைக் கழிக்கணும், முக்கால்வாசிப் பேர் மார்க் விடுறது இந்த இடத்துலதான். ஆரம்பத்துல கம்பி முழுக்க 50 டிகிரின்னா, ஃபோரியர் போட வேண்டியது 50-க்கு இல்ல, 30 − 60 எக்ஸ்/எல்-க்கு. கடைசியில நேர்க்கோட்டைத் திரும்பக் கூட்ட மறந்துடாதீங்க.

போட்டு முடிச்சதும் நடுப்புள்ளியை வெச்சுச் சரிபாருங்க. இந்த சம்ல ஆரம்பத்துல நடுவுல 50, நேர்க்கோடும் நடுவுல 50. அதனால எந்த நேரத்துலயும் நடுப்புள்ளி 50-லயே நிற்கணும். உங்க சீரிஸ்ல எக்ஸ் = எல்/2 போட்டா எல்லா உறுப்பும் பூஜ்யமாகணும், அதாவது இரட்டைப்படை உறுப்புகள் மட்டும்தான் மிஞ்சியிருக்கணும். ஒற்றைப்படை ஒண்ணு நின்னாலும் இன்டக்ரேஷன்ல ஒரு மைனஸ் குறி விட்டிருக்கீங்க.